காய்ந்த ஆறு மூச்சுவிடும் நேரம்

இந்த மாதப் பாடம் ஓர் ஆற்றைப் பற்றியது. ஆனால் தண்ணீர் இல்லாத ஆறு.

நம்மில் பலர் குடும்பத்தோடு மதுரைக்குப் போய் வந்திருப்போம். மீனாட்சியம்மனைத் தரிசித்த கையோடு வைகையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று பாலத்துக்குப் போனால், பெரும்பாலான மாதங்களில் கீழே தெரிவது மணல், புதர், மேயும் மாடு, ஓரமாக ஒரு சாக்கடைத் தண்ணீர். "இதுவா வைகை?" என்று கூட வந்த யாராவது ஒருத்தர் கேட்காமல் இருக்க மாட்டார். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்கே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. மலேசியாவில் வளர்ந்த நமக்கு இது புதிதாகத்தான் இருக்கும். பேராக் ஆறோ பகாங் ஆறோ அடியோடு வற்றி நாம் பார்த்ததில்லை. நமக்கு ஆறு என்றால் எப்போதும் ஓடுவது. ஆண்டுக் கடைசியில் சில ஊர்களில் வீட்டுக்குள்ளேயும் வருவது.

ஆனால் உலகக் கணக்கில் வைகை மாதிரி ஆறுகள் ஒன்றும் அபூர்வம் இல்லை. 2021-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, உலகத்து ஆறுகள், ஓடைகள் எல்லாவற்றையும் நீளவாக்கில் கூட்டினால் அதில் 51 முதல் 60 விழுக்காடு வரை ஆண்டில் ஒரு நாளாவது ஓட்டம் நின்றுபோகிறவை என்று காட்டியது. அதாவது பாதிக்கு மேல்! நின்று நின்று ஓடும் ஆறுதான் உலகத்தில் அதிகம்.

இருந்தும் இந்த ஆறுகளை ரொம்ப காலம் யாரும் சரியாகப் படிக்கவில்லை. காரணம் வேடிக்கையானது. ஆற்றைப் படிக்கிறவர்கள் தண்ணீர் வற்றியதும் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மண்ணைப் படிக்கிறவர்கள், அது ஆறு, நம்ம வேலை இல்லை என்று விட்டுவிட்டார்கள். நடுவில் கிடந்த அந்த மணலில் என்ன நடக்கிறது, அதில் மறுபடி வெள்ளம் வந்தால் என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் பள்ளிப் பாடத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். செடி கொடிகள் காற்றிலிருந்து கரிவளியை எடுத்து, சூரிய ஒளியில் உணவு சமைத்து, இலையாகவும் கட்டையாகவும் காயாகவும் வைத்துக்கொள்கின்றன. இலை உதிர்கிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன. தின்றவை மூச்சு விடும்போது கரிவளி மறுபடி காற்றுக்குப் போகிறது. கரிமச் சுழற்சி என்று சொல்வது இதைத்தான். இதில் ஆறுகளுக்கும் பெரிய பங்கு உண்டு. கரையில் உதிர்ந்ததெல்லாம் தண்ணீரில் விழுந்து மட்க, ஆறுகளும் ஓடைகளும் காற்றுக்கு விடும் கரிமம் ஆண்டுக்கு ஏறக்குறைய 180 கோடி டன் என்று 2013-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். வறண்டு கிடக்கும் ஆற்றுமணல் விடுவது அந்தக் கணக்கில் சேரவில்லை.

வைகையை வைத்தே மீதிப் பாடத்தையும் சொல்லலாம்தான். ஆனால் வைகையில் அணை, தடுப்பணை, ஊர்ச் சாக்கடை என்று மனிதன் கை எல்லா இடத்திலும் பட்டிருக்கிறது. எது ஆற்றின் குணம், எது நம் வேலை என்று பிரித்துப் பார்ப்பது சிரமம். அதனால் கொஞ்சம் தூரம் போவோம். ஆப்பிரிக்காவின் தென்மேற்கு ஓரத்தில் நமீபியா நாடு. அதில் நமீப் பாலைவனம். அதற்குள் குய்செப் என்று ஓர் ஆறு.

இந்த ஆற்றின் அமைப்பே விசித்திரம். தலைநகர் விண்ட்ஹூக்குக்கு மேற்கே உள்ள மேட்டு நிலத்தில் பிறக்கிறது. அங்கே ஓரளவு மழை உண்டு. அங்கிருந்து மேற்கே அட்லாண்டிக் கடலை நோக்கி இறங்க இறங்க மழை குறைந்துகொண்டே போகிறது. கடலோரத்தில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையை ஒரு தேநீர்க் குவளையின் அடியில் அடக்கிவிடலாம். 20 மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆற்றுக்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல் குன்றுகள். வடக்கே சரளைக்கல் சமவெளி. காற்று அந்த மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. குய்செப்பில் எப்போதாவது வரும் வெள்ளம் அதை வாரிக்கொண்டு போய்விடுகிறது. மணல் ஆற்றைத் தாண்ட முடியவில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் கத்தியால் வெட்டினது மாதிரி இருக்கும்.

ஆண்டில் பெரும்பகுதி அந்த ஆறு வெறும் மணல்தான். ஆனால் அடியில் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தை நம்பிக் கரை நெடுக மரங்கள் நிற்கின்றன. அதில் முக்கியமானது ஆனா மரம், நம் கருவேல மரத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஊரெல்லாம் மழைக்காலத்தில் துளிர்க்கும். இது மழைக்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு வெயில் காலத்தில் பச்சையாக நிற்கும். அதன் காய்கள் சுருண்டு, ஆரஞ்சு நிறத்தில், காய்ந்த பழத்தோல் மாதிரி ஆற்றுமணலில் கொட்டிக் கிடக்கும். கரையோரம் வாழும் தோப்நார் மக்களின் ஆடுகளுக்கு அதுதான் தீனி. ஆடு தின்றது போக மீதி காய், சருகு, சுள்ளி, சாணம் எல்லாம் அந்த மணலிலேயே சேர்கின்றன. இந்தக் குப்பையைத்தான் நாம் இன்று கணக்குப் பார்க்கப் போகிறோம். ஒவ்வொரு சருகும் கொஞ்சம் கரிமம், இல்லையா?

ஈரம் இல்லாத இடத்தில் சருகு அவ்வளவு சுலபத்தில் மட்காது. நம் ஊரில் ரப்பர்த் தோட்டத்தில் விழுந்த இலை சில மாதத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். அங்கே அது காய்ந்து, நொறுங்கி, வெயிலில் வெளுத்து அப்படியே கிடக்கும். ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வெயில் சும்மா இருப்பதில்லை. சருகைக் கெட்டியாக வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சூரிய ஒளி மெல்ல மெல்ல உடைக்கிறது. நுண்ணுயிர்களுக்கு மெல்ல முடியாத உணவு, மெல்லக்கூடிய உணவாக மாறுகிறது.

பனிமூட்டமும் உண்டு. அட்லாண்டிக்கிலிருந்து இரவில் மூட்டம் உள்ளே வரும். ஆற்றங்கரையில் கோபாபெப் என்ற இடத்தில் 1962 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆற்றுக்குத் தெற்கே உள்ள மணற்குன்றுகளில் செத்த புல்லை ஆராய்ந்தவர்கள் 2015-இல் ஒரு சேதி சொன்னார்கள். அந்தப் புல்லில் கருநிறப் பூஞ்சணம் வாழ்கிறது. பகலில் 50 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கிக்கொண்டு கிடக்கும். மூட்டமோ பனியோ பட்ட சில நிமிடங்களில் விழித்து வேலையைத் தொடங்கும். சராசரியாக மூன்று நாளைக்கு ஒருமுறை அதற்கு வேண்டிய ஈரம் கிடைத்துவிடுகிறதாம். மழையே இல்லாத பாலைவனத்தில் இப்படி ஒரு வாழ்க்கை! எனக்கு இந்த ஆய்வில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

இப்போ வெள்ளத்துக்கு வருவோம்.

மேட்டு நிலத்தில் இடி மழை. குய்செப்பில் தண்ணீர் இறங்குகிறது. கீழே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். வானத்தில் மேகம்கூட இருக்காது. அப்படிப்பட்ட இடத்துக்கு வெள்ளத்தின் முகப்பு வந்து சேர்கிறது. பார்த்தால் தண்ணீர் மாதிரியே இருக்காது. தே தாரிக் நிறத்தில், மேலே நுரையோடு, முன்னால் சுள்ளியும் காயும் சாணமும் உருண்டு வர, மணலைக் குடித்துக்கொண்டே நகரும். குய்செப்பின் வெள்ள நீரை அளந்தவர்கள், அதில் கரைந்தும் மிதந்தும் வரும் கரிமப் பொருளின் அளவு உலகில் அளக்கப்பட்ட ஆறுகளிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். பல மாதம், சில சமயம் பல ஆண்டு சேர்த்து வைத்ததை ஒரே நாளில் வாரிக்கொண்டு வந்தால் அப்படித்தானே இருக்கும்?

இந்த இடத்தில் குய்செப் மற்ற ஆறுகளிலிருந்து வேறுபடுகிறது. சாதாரண ஆறு தன் சுமையைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டும். குய்செப் வெள்ளம் பெரும்பாலும் கடலை எட்டுவதே இல்லை. போகப் போக மணல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. வெள்ளம் மெலிந்து மெலிந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. தண்ணீர் போய்விட்டால் சுமையை யார் தூக்குவது? வண்டல், சருகு, கட்டை எல்லாம் அங்கேயே இறங்கிவிடும். மரத்தடிகளில் சிக்கிய கட்டைகள் குவியலாகின்றன. அந்தக் குவியலில் மேலும் சருகும் விதையும் மாட்டிக்கொள்கின்றன. ஆக, மேட்டு நிலத்தில் விளைந்த கரிமம் பாலைவனத்தின் நடுவே விருந்தாக வந்து சேர்கிறது. அங்குள்ள கறையான், வண்டு, பூஞ்சணம் எல்லாவற்றுக்கும் அடுத்த வெள்ளம் வரை இதுதான் சோறு.

மணலுக்குள் என்ன நடக்கிறது? அங்கேதான் தலைப்பில் சொன்ன மூச்சு வருகிறது.

1958-இல் பிர்ச் என்ற மண்ணியல் அறிஞர் கென்யாவில் இருந்துகொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் செய்தது எளிமையான வேலை. மண்ணைக் காயவைத்து நனைத்தார். மறுபடி காயவைத்து நனைத்தார். ஒவ்வொரு முறை நனைக்கும்போதும் மண் திடீரென்று நிறையக் கரிவளியை விட்டது. பிறகு சில நாளில் அடங்கியது. எப்போதும் ஈரமாகவே இருக்கும் மண் இப்படிச் செய்வதில்லை. இதற்கு இன்றும் பிர்ச் விளைவு என்றுதான் பெயர். (முதல் மழையில் வரும் மண்வாசனையும் நுண்ணுயிர்கள் தருவதுதான், ஆனால் அது வேறு பொருள். கரிவளிக்கு வாசனை கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஏன் இப்படி? ஒரு காரணம் மட்டும் இல்லை. மண் காயும்போது நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பில் உள்ள கொஞ்ச ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள, சர்க்கரை போன்ற பொருள்களை உள்ளே நிறையச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. திடீரென்று வெள்ளம் வந்தால் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டதுபோல் ஆகிவிடும். தண்ணீர் உள்ளே பாய்கிறது. சேர்த்து வைத்ததை உடனே வெளியே தள்ளாவிட்டால் உடம்பு வெடித்துவிடும். தள்ளினாலும் வெடித்தாலும் சரி, அந்தச் சத்து வெளியே வந்துவிடுகிறது. பக்கத்தில் பிழைத்திருப்பவை அதைத் தின்று பெருமூச்சு விடுகின்றன. வறட்சியில் ஏற்கெனவே செத்துக் கிடப்பவையும் அவற்றுக்கு உணவுதான். இன்னொன்று, காய்ந்த மண் கட்டிகள் நனைந்ததும் உடைகின்றன. கட்டிக்குள் பூட்டிக் கிடந்த பழைய கரிமம் வெளியே வருகிறது. வெயில் ஏற்கெனவே பதப்படுத்தி வைத்த சருகும் ஊற ஆரம்பிக்கிறது. தேத்தூள் மாதிரி சாறு இறங்குகிறது. போதாததற்கு, மணல் துகள்களுக்கு இடையே தேங்கியிருந்த காற்றைத் தண்ணீர் வெளியே தள்ளுகிறது. அதிலும் கரிவளி உண்டு. எல்லாம் சில மணி நேரத்துக்குள் ஒன்றாக நடப்பதால்தான் அவ்வளவு பெரிய மூச்சு.

எவ்வளவு பெரியது? பிரான்சைச் சேர்ந்த திபோ டாட்ரியும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, எல்லாரும் ஒரே முறையில் வறண்ட ஆறுகளிலிருந்து சருகும் மண்ணும் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். 22 நாடுகளில் 212 ஆற்றுப்படுகைகளில் சருகை அளந்த முடிவு 2018-இல் வந்தது. அந்தச் சருகு முதல் முறை நனையும்போது மட்டும் விடும் கரிவளி, ஓடும் ஆறுகள் எல்லாம் ஒரு நாளில் விடுவதில் 10 விழுக்காடு வரை இருக்கலாம். அடுத்த ஆண்டு 200 ஆறுகளின் மண்ணை ஆய்வகத்தில் நனைத்துப் பார்த்தார்கள். நனைத்ததும் மண்ணின் சுவாசம் சராசரியாக 32 முதல் 66 மடங்கு வரை எகிறியது. 2020-இல் வந்த மற்றோர் ஆய்வு, வற்றிய ஆறு, ஏரி, குளம், நீர்த்தேக்கம் எல்லாம் வறண்டு கிடக்கும்போதே விடுவதை அளந்து, உள்நாட்டு நீர்நிலைகளின் பழைய கணக்கில் ஏறக்குறைய 6 விழுக்காட்டைக் கூட்டிச் சேர்க்க வேண்டும் என்றது.

இந்த எண்களைப் பார்த்ததும் சிலர், அப்படியானால் காய்ந்த ஆறுகள்தான் பூமியைச் சூடாக்குகிறதா என்று கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். ஆனா மரத்தின் இலையில் இருக்கும் கரிமம் கொஞ்ச காலத்துக்கு முன்னால் காற்றிலிருந்து எடுத்ததுதான். வெள்ளம் வந்து அது திரும்பிப் போவது, கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி. நிலக்கரியும் பெட்ரோலும் அப்படி இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்கடியில் இருந்ததைத் தோண்டி எடுத்து எரிக்கிறோம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அதோடு, குய்செப்பில் மூச்சை வெளியே விட வைக்கும் அதே வெள்ளம்தான் மணலுக்கடியில் தண்ணீரையும் நிரப்புகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் மரங்கள் அடுத்த சில ஆண்டு கரிவளியை உள்ளே இழுக்கின்றன. வண்டலுக்கு அடியில் புதைந்துபோன சருகு நெடுநாள் அங்கேயே தங்கிவிடவும் கூடும். வெள்ளத்தின் செலவுப் பக்கத்தை மட்டும் பார்த்து வரவுப் பக்கத்தை மறந்தால் அது கணக்கே இல்லை. வால்விஸ் பே என்ற துறைமுக நகரத்துக்கும் குய்செப்பின் அடிமணலிலிருந்துதான் தண்ணீர் இறைக்கிறார்கள். மேலே பண்ணைகளில் சின்னச் சின்ன அணைகள் பெருகி வெள்ளம் கீழே வராமல் நின்றால், அடிவாங்குவது மரமும் ஆடும் மனிதரும்தான்.

அப்படியானால் எங்கே கவலைப்பட வேண்டும்? ஆற்றின் சொந்தத் தாளத்தை நாம் கெடுக்கும் இடத்தில். ஆஸ்திரேலியாவின் மர்ரி-டார்லிங் ஆறுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. அங்கே பத்து ஆண்டுக்கும் மேலாக நீண்ட வறட்சி. அணைகள் வேறு வழக்கமான சிறு வெள்ளங்களைத் தடுத்து வைத்திருந்தன. கரையோர வெள்ளச் சமவெளியில் யூக்கலிப்டஸ் சருகு ஆண்டு மேல் ஆண்டாகக் குவிந்தது. அதை அவ்வப்போது கழுவிக்கொண்டு போக ஒன்றும் வரவில்லை. 2010-இன் கடைசியில் பெரிய வெள்ளம் வந்தது, அதுவும் வெப்பமான மாதங்களில். சருகெல்லாம் ஒரே நேரத்தில் ஊறித் தண்ணீர் கறுத்துப்போனது. நுண்ணுயிர்கள் அந்தச் சாற்றைத் தின்று பெருகி, தண்ணீரில் இருந்த உயிர்வளியை முழுக்கப் பயன்படுத்திவிட்டன. 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஆறு மூச்சுத் திணறியது. மீன்கள் செத்து மிதந்தன. ஆற்று நண்டு மாதிரியான கிரேஃபிஷ் தண்ணீரை விட்டுக் கரையேறி நின்றன. காற்றுக்குப் போகும் கரிவளியும் தண்ணீரில் தீர்ந்துபோகும் உயிர்வளியும் ஒரே வேலையின் இரண்டு பக்கம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

வைகைக்குத் திரும்பி வந்தால், அங்கே மணலில் சேர்வது மரத்தின் சருகு மட்டும் இல்லை. ஊர்க் கழிவுநீர் சேர்கிறது. சீமைக்கருவேலம் படுகையிலேயே காடாக முளைக்கிறது. மணலை அள்ளிவிட்ட இடத்தில் களியும் சேறும் மிஞ்சுகின்றன. மண்ணின் தன்மையும் அதில் உள்ள கரிமப் பொருளின் அளவும் தரமும்தான் நனையும்போது வரும் மூச்சின் அளவைத் தீர்மானிக்கின்றன என்று அந்த 200 ஆறுகளின் ஆய்வு சொன்னது. சுத்தமான பருமணல் ஒரு மாதிரி நடக்கும். கழிவு ஊறிய சேறு வேறு மாதிரி நடக்கும். காற்றுப் புகாத சேற்றுக் குட்டையிலிருந்து கரிவளியோடு மீத்தேனும் வரும். அது இன்னும் மோசம். ஆற்றில் கழிவு விடக் கூடாது என்பதற்கு நாற்றம், நோய் என்ற காரணங்களே போதும். இதையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இதை நம் கிளைகளில் செய்து பார்க்க முடியும். பெரிய செலவு இல்லை.

வாய்க்கால் ஓரத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து, காய்ந்த இலையை நொறுக்கிக் கலந்து, இரண்டு வாரம் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். மழை வந்தால் உள்ளே எடுத்துவிடுங்கள்; நம் ஊரில் அதுதான் கஷ்டமான பகுதி. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் ஒரு தேக்கரண்டியை ஒரு போத்தல் தண்ணீரில் கலக்கி, இறுக மூடி, ஓர் இரவு தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிநீர் மட்டும் நமக்கு வேண்டும். அது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

மூன்று கண்ணாடிச் சாடிகள். முதல் சாடியில் காய்ந்த மண்ணை அப்படியே போடுங்கள். இரண்டாவதில் அதே அளவு மண்ணைப் போட்டு நன்றாக நனையும்படி தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாவதில் பல முறை கழுவிய சுத்தமான மணலும் தண்ணீரும். ஒவ்வொன்றின் உள்ளேயும் தெளிநீர் ஊற்றிய ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து இறுக மூடிவிடுங்கள். கரிவளி பட்டால் சுண்ணாம்புத் தெளிநீர் பால் மாதிரி வெளுத்து மேலே ஆடை கட்டும். சாடியில் உள்ள காற்றிலேயே கொஞ்சம் கரிவளி இருப்பதால் மூன்றிலும் லேசாகத் தெரியலாம். எது சீக்கிரம், எது கனமாக என்பதுதான் கேள்வி. மறுநாள் படம் எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து காற்றாட விட்டு, கிண்ணங்களில் புதுத் தெளிநீர் ஊற்றி மறுபடி மூடுங்கள். இப்படி ஒரு வாரம் தினமும் செய்யுங்கள். இரண்டாவது சாடியின் முதல் நாள் ஆடையையும் கடைசி நாள் ஆடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மண்ணை மாற்றியும் பார்க்கலாம்: ஒரு கிளை ஆற்றுமணல், ஒரு கிளை களிமண், ஒரு கிளை சாக்கடையோரச் சேறு. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது படங்களையும் கொண்டு வாருங்கள்.